இருமாத தொண்டை

உருளைக்கிழங்கு தோண்டும் மூன்று வாரத்தில், கனடா எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குத் தொண்டை நன்றாக இருந்தால், அவன் வேலைக்கே போகவில்லை என்று அர்த்தம். மழை பெய்யாத செப்டம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். கிழங்கு தோண்டும் இயந்திரம் ஒரு சுற்று போய் வருவதற்குள் மூக்கு, காது, பல்லிடுக்கு எல்லாம் மண். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியாரின் பிரசங்கத்தில் பாதி இருமலில் காணாமல் போகும். இதற்குத் தூசித் தொண்டை என்று பேர். இதற்காக டாக்டரிடம் போனவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது, ஒரு கரண்டி தேன், மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி வயல். பள்ளிக்கூடத்தையே கிழங்குக்காக மூடி வைத்திருக்கும் ஊரில் தொண்டைக்காக யார் மெனக்கெடுவார்கள்?

அதனால்தான் திங்கட்கிழமை காலையில் ஏழு வயது லிடி, "அம்மா, முழுங்கினா குத்துது" என்றபோது ஜினெத்துக்குப் பயமே வரவில்லை. உப்புத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். பள்ளி இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. எல்லாக் குழந்தைகளையும் போல லிடியும் அந்த மூன்று வாரமும் அப்பா கிளோவிஸ் ஓட்டும் கிழங்கு லாரியில்தான் உட்கார்ந்திருப்பாள். வயலுக்கும் கிடங்குக்கும் நாள் முழுக்கப் போய்வரும் லாரி. அதில் இல்லாத தூசியா?

செவ்வாய்க்கிழமை உடம்பு சுட்டது. லாரியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தால் சுடாமல் என்ன செய்யும் என்று கிளோவிஸ் சொன்னான். ஜினெத் காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுத்தாள், இறங்கியது. புதன்கிழமை மறுபடி ஏறியது, மறுபடி கொடுத்தாள், மறுபடி இறங்கியது. அன்று மாலை லாரி இருக்கைக்கு அடியில் ஒரு கடிகூடப் படாத இரண்டு சாண்ட்விச்சுகள் கிடைத்தன. "ஏன்டி சாப்பிடல?" என்று கேட்டதற்கு லிடி தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதாவது ஜினெத்துக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டே, கிழங்கோடு ஓடும் பட்டையிலிருந்து கல்லும் மண்கட்டியும் பொறுக்கிவிட்டு வந்தவளுக்கு எது உறைக்கும்? அவளுக்கே தொண்டையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமைதான் உறைத்தது. அதுவும் சாப்பாட்டு நேரத்தில், பெர்னாவின் வாயால்.

பெர்னாவுக்கு அறுபத்திரண்டு வயது. இயந்திரத்தின் மேல் ஜினெத்துக்கு எதிரே நின்று கல் பொறுக்குபவள். கை நின்றாலும் வாய் நிற்காது. அன்று நடுப்பகலில் வயலோரத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின் மேல் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளோவிஸ் லிடியை அம்மாவிடம் இறக்கிவிட்டுக் கிடங்குக்குப் போயிருந்தான். வரிசையின் ஒரு கோடியில் ஒருவர் இருமினார். பக்கத்தில் இருந்தவருக்கு அது தொற்றியது. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று இருமல் வரிசையாக நகர்ந்து வந்தது.

"கிறிஸ்துமஸுக்குப் பாட ஆள் கிடைக்கலன்னு பாதிரியார் புலம்பறாரு. நம்ம ஆறு பேரையும் நிக்க வெச்சா போதாதா?" என்றாள் பெர்னா. சிரிக்கப் போய் அவளுக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. ஜினெத்தும் சிரித்தாள், இருமினாள். அவளுக்கு அடுத்து லிடி. இருமல் அவளிடம் வந்ததும் நின்றுபோனது.

"என்ன, கடைசிப் பாட்டுக்காரிக்குக் குரலே இல்லியா?" என்றாள் பெர்னா, விளையாட்டாக.

ஜினெத் திரும்பிப் பார்த்தாள். போர்வைக்குள் லிடி குறுகி உட்கார்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள், எச்சில் விழுங்காமல் சமாளிப்பவர்கள் மூடுவதுபோல. அப்போதுதான் ஜினெத்துக்கு அந்த யோசனை வந்தது. இவள் இருமினாளா? நேற்று இருமினாளா? முந்தாநாள்? நான்கு நாட்களையும் மனதில் திருப்பிப் பார்த்தாள். காய்ச்சல் இருந்தது, வலி இருந்தது, தலை வலிக்கிறது என்றாள், வயிறு வலிக்கிறது என்றாள். இருமல் ஒரு தடவைகூட இல்லை.

தூசித் தொண்டை இருமாமல் இருக்காது. அது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"வாயத் திற" என்றாள். கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். ரத்தச் சிவப்பு. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். தாடைக்குக் கீழே தொட்டால் பட்டாணி பட்டாணியாகக் கட்டி. லிடி வலியில் அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். இப்போது ஜினெத்துக்குப் பயம் வந்தது. பயத்துக்குக் காரணம் தொண்டை மட்டும் இல்லை. முப்பதடி தள்ளி, இயந்திரத்தை இழுக்கும் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்று சங்கிலிக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த ஆர்மணும்தான்.

ஆர்மண் கிளோவிஸின் அண்ணன். வயல், இயந்திரம், கிடங்கு எல்லாம் அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயலில் அவர் கத்தும் கத்தலுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பெர்னா சொல்வாள். அவர் நெஞ்சில் ஒரு வால்வு உலோகத்தில் செய்தது. அமைதியான அறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கும். லிடிக்கு அது பெரிய அதிசயம். பெரியப்பா வயிற்றில் கடிகாரத்தை விழுங்கியிருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது என்பார்கள், அத்தோடு பேச்சு மாறிவிடும். கிளோவிஸ் ஒரே ஒரு தடவை முழுசாகச் சொல்லியிருந்தான். எட்டு வயதில், அறுவடை சமயத்தில், தொண்டைவலி. தூசி என்று விட்டுவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது, அப்புறம் இதயம். ஜினெத் அதைக் கேட்டு உச்சுக் கொட்டியதோடு சரி. நம் வீட்டுக் கதை என்று அவள் நினைத்ததே இல்லை.

எழுந்து அவரிடம் போனாள்.

"ஆர்மண், நான் லிடிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

"என்னாச்சு?"

"தொண்டை."

"இங்க யாருக்குத்தான் தொண்டைவலி இல்ல?" அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இன்னிக்கு ராத்திரி உறைபனி விழுதுன்னு ரேடியோக்காரன் காலைலேருந்து கத்தறான். இன்னும் எட்டு ஏக்கர் மண்ணுக்குள்ள இருக்கு. உறைஞ்ச கிழங்கு ஒரு கூடை உள்ள போனா கிடங்கே அழுகிடும். நாளைக்குக் கூட்டிட்டுப் போ. நானே ரெண்டு நாள் லீவு தர்றேன்."

"அவ இருமவே இல்ல ஆர்மண்."

"என்ன?"

"நாலு நாளா ஒரு தடவைகூட இருமல. காய்ச்சல் அடிக்குது. முழுங்க முடியல. உள்ள வெள்ளையா இருக்கு. தூசின்னு நெனச்சுட்டேன். இருமலே இல்ல ஆர்மண்."

கிரீஸ் அடிக்கும் பம்பு அவர் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. ஆர்மண் லிடி இருந்த பக்கம் பார்த்தார். அப்புறம் ஜினெத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தவிர வேறெதையும் பதினோரு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. இப்போது அங்கே இருந்தது அப்பட்டமான பயம்.

"என்னிக்கு ஆரம்பிச்சுது?"

"திங்கட்கிழம."

விரல் விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. "பெர்னா!" என்று கத்தினார். அந்தக் கத்தல் மட்டும் பழையபடி இருந்தது.

பெர்னா வாய் நிறையச் சாப்பாட்டோடு வந்தாள். ஆர்மண் டிராக்டர் சாவியை அவள் கையில் வைத்தார்.

"ஓட்டு."

"எத?"

"இருபது வருஷமா என்னைவிட நல்லா ஓட்டுவேன்னு என் உயிர எடுக்கிறியே, அத."

"உனக்கு என்னமோ ஆயிடுச்சு ஆர்மண்."

"ரெண்டாவது கியருக்கு மேல போனே, உன்ன இந்த வயல்லயே புதைச்சிடுவேன்."

"புதைச்சா அடுத்த வருஷம் நல்லா முளைப்பேன் போ" என்றாள் பெர்னா. ஆனால் லிடியைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் புரியும். ஆர்மண் தம்பியைக்கூட அந்த டிராக்டரில் ஏற விட்டதில்லை. தம்பியின் கல்யாணத்தன்றே வயலிலிருந்து நேராகத் தேவாலயத்துக்கு வந்து, நேராக வயலுக்குத் திரும்பிப் போன மனிதர்.

பிக்கப் வண்டியில் மூவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். லிடி அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஜினெத் கிளோவிஸைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணன் டிராக்டர விட்டு இறங்கிட்டாரா?" என்றான் அவன்.

"இறங்கிட்டாரு. அவர்தான் வண்டி ஓட்டறாரு."

"அப்ப டிராக்டர யார் ஓட்டறா?"

"பெர்னா."

"ஐயோ கடவுளே" என்றான் கிளோவிஸ். பிறகு, "பாப்பாவப் பாத்துக்க. கிடங்குல இறக்கிட்டு வந்துடறேன்" என்றான். வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகள் எல்லாம் மற்றவர்களுக்கு வைத்தவை என்று முடிவு செய்துவிட்டவர்போல ஆர்மண் ஓட்டினார்.

மருத்துவமனையில் அன்று கூட்டம் இல்லை, ஊரே வயலில் இருந்தது. நோயெல்லா என்ற நர்ஸ்தான் அங்கே பாதி டாக்டர். மருந்து எழுதித் தருவதும் அவள்தான். லிடிக்கு நூற்றிமூன்று இருந்தது. "வாய நல்லாத் திறடா கண்ணு, சிங்கம் மாதிரி" என்று சொல்லி நீளக் குச்சியின் பஞ்சால் தொண்டையைத் தொட்டாள். லிடி குமட்டிக்கொண்டே அவள் முழங்காலில் ஓர் உதை விட்டாள்.

"நல்ல உதை. தெம்பு இருக்கு" என்றாள் நோயெல்லா, காலைத் தடவியபடி. "அஞ்சு நிமிஷம். முடிவு தெரிஞ்சிடும்."

கதவு சாத்திக்கொண்டது. அந்தச் சின்ன அறையில் டிராக்டர் இல்லை, காற்று இல்லை, பெர்னா இல்லை. அப்போது ஜினெத்துக்குக் கேட்டது. டிக். டிக். டிக். ஆர்மண் மூலை நாற்காலியில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பூட்ஸிலிருந்து உதிர்ந்த மண் தரையெல்லாம் கிடந்தது. அந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

"என் தப்பு" என்றாள். "பெத்தவ நான். நாலு நாளா உப்புத் தண்ணியக் குடுத்துட்டு இருந்திருக்கேன்."

"எங்கம்மாவும் இதையேதான் சொல்லிட்டு இருந்தா" என்றார் ஆர்மண். தரையைப் பார்த்தபடியே பேசினார். "எனக்கு இந்த வால்வு வெச்சப்புறம் அவ பக்கத்துல போய் உக்காந்தா போதும், எழுந்து போய் ரேடியோவப் போட்டுடுவா. பாட்டு எதுவா இருந்தாலும் சரி, சத்தமா வைப்பா. செத்துப் போற வரைக்கும் அப்படித்தான். ஏன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அவமேல எனக்குக் கோவமே வந்ததில்ல, ஜினெத். ஒரு நாளாவது அதச் சொல்லியிருக்கலாம்."

ஜினெத் லிடியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

நோயெல்லா திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. "தூசி இல்ல, ஸ்ட்ரெப்ங்கிற தொண்டைக் கிருமிதான். சோதனை அட்டையில நல்லாப் பளிச்சுன்னு ரெண்டு கோடு" என்றாள்.

"இதயம்?" என்றார் ஆர்மண். எழுந்து நின்றுவிட்டார்.

நோயெல்லாவும் கிழங்கு விவசாயி மகள்தான். ஆர்மண் கதை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவரை ஒரு கணம் பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து லிடியின் நெஞ்சிலும் முதுகிலும் அவசரமில்லாமல் வைத்துக் கேட்டாள்.

"இதயம் சுத்தமா இருக்கு. உங்களுக்கு வந்து இதயத்தக் கெடுத்த அந்தக் காய்ச்சல் உடனே வராது ஆர்மண். கிருமிய அப்படியே விட்டுட்டா, சில பேருக்கு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு வரும். ஒம்போது நாளைக்குள்ள மருந்து ஆரம்பிச்சிட்டா அதத் தடுத்துடலாம். இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"நாலு" என்றாள் ஜினெத்.

"அப்ப என்ன? இன்னும் அஞ்சு நாள் கையில இருக்கு. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க."

"ஒம்போதா?" என்றார் ஆர்மண்.

"ஒம்போது."

"நாலு நாள்தானே ஆகுது?"

"நாலுதான்."

"ஒம்போதுதானே?"

"ஆர்மண், உக்காருங்க" என்றாள் நோயெல்லா. அவர் உட்கார்ந்தார். தொப்பியை முகத்தில் வைத்து மூடிக்கொண்டு அழுதார். வெட்கமில்லாமல், தோள் குலுங்க, ஐம்பத்தெட்டு வயது மனிதர் அழுதார். ஜினெத்துக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. நான்கு நாட்களாகத் தன் மகள் பயந்திருக்கக்கூடும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இப்போது லிடி நிம்மதியாகக் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் அதுவும் சேர்ந்து அழுகையாக வந்தது.

நோயெல்லா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர்களுக்கு நடுவில் வைத்தாள். "வருஷா வருஷம் அறுவடையில மூணு நாலு குழந்தைங்க இப்படித்தான் வருது. எல்லாம் தூசின்னு நெனச்சது. பத்து நாள் மருந்து, காலைல ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. மூணாவது நாள் இவ குதிச்சு ஆடுவா, சரியாப் போச்சுன்னு நிறுத்திடாதீங்க. பத்து நாளும் குடுத்தே ஆகணும்."

"குடுப்பா" என்றார் ஆர்மண், ஜினெத்துக்குப் பதிலாக.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டு ஆர்மண் வயலுக்குப் போனார். பெர்னா அதற்குள் மூன்று ஏக்கர் முடித்திருந்தாள். இரண்டாவது கியரில்தான் போனேன் என்று சத்தியம் செய்தாள், யாரும் நம்பவில்லை. இருட்டுவதற்குள் கடைசி நான்கு வரிசையைத் தவிர எல்லாம் கிடங்குக்குப் போய்விட்டது. அந்த நான்கையும் உறைபனி எடுத்துக்கொண்டது. ஆர்மண் அதற்காக ஒரு வார்த்தை கத்தவில்லை என்பதுதான் அந்த வாரம் முழுக்க ஊரில் பேச்சு.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் லிடிக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டை நனைந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, பிளோய் இருக்கா?"

ஜினெத் அடுப்புக்கு ஓடினாள். எங்கள் பக்கத்து அப்பமான பிளோய்க்கு மஞ்சள் நிற மாவைக் கல்லில் ஊற்றி, மேலே கண் கண்ணாகப் பொரிந்து வந்ததும் எடுத்து, வெண்ணெய் தடவிச் சுருட்டிக் கொடுத்தாள். லிடி முதல் வாயை விழுங்கும்போது முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாய்க்குச் சுளிப்பு குறைந்தது. மூன்று பிளோய் உள்ளே போனது. நான்காவதுக்குச் சர்க்கரைப் பாகு கேட்டாள். ஜினெத் கரண்டியோடு சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். என்ன சிரிப்பு என்று லிடி கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பசிக்கிறது என்று பிள்ளை சொல்வதைவிட நல்ல வார்த்தை உலகத்தில் உண்டா?

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் தொலைபேசி அடித்தது. ஆர்மண்தான். வணக்கம்கூடச் சொல்லமாட்டார். "குடிச்சாளா?" என்பார். "குடிச்சா" என்றால் வைத்துவிடுவார். திங்கட்கிழமை லிடி சோபா மேல் குதித்துக்கொண்டிருந்தபோதும் அடித்தது. "சத்தம் கேக்குது. அதனால என்ன, குடு" என்றார்.

கடைசி வேளை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்தது. அறுவடை முடிந்திருந்தது. அன்று தொலைபேசி அடிக்கவில்லை. சவரம் செய்த முகமும் தேய்த்த சட்டையுமாக ஆர்மணே வாசலில் நின்றார். கிளோவிஸ் அண்ணனுக்குக் காபி ஊற்றினான். லிடி மேஜை மேல் ஏறி உட்கார்ந்து, கடைசிக் கரண்டி மருந்தை எல்லோரும் பார்க்க ஆடம்பரமாகக் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"முடிஞ்சுது. பெரியப்பா, இங்க வாங்க" என்றாள். அவர் போய் நின்றதும் சட்டையில் காதை வைத்தாள். "ஓடுது" என்று எல்லோருக்கும் அறிவித்தாள். "இப்ப எனக்கு நீங்க கேளுங்க."

"எதுக்கு?"

"எனக்கும் அதே தொண்டைதானே வந்துச்சு? எனக்கும் டிக் டிக் வந்திருக்கும்."

கிளோவிஸின் கையில் காபிக் கோப்பை அப்படியே நின்றது. ஜன்னலோரம் ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஜினெத் போய் அதை நிறுத்தினாள்.

ஆர்மண் குனிந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே சத்தம் அவருடைய டிக் டிக்தான்.

"வருதா?" என்றாள் லிடி.

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல. தொம் தொம்னு சும்மா அடிக்குது."

லிடியின் முகம் வாடிவிட்டது. பத்து நாள் மருந்து குடித்ததற்கு இதுதானா என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றார் ஆர்மண், காதை எடுக்காமலே.